இன்னொரு தடவை கத்துங்க தம்பி!

செக்ரட்டரி வேலை கேட்டு ஒரு டி.வி. ஸ்டேஷனுக்கு வருகிறார் ஓர் இளம்பெண். பேர் மேரி ரிச்சர்ட்ஸ். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாச்சு என்று கையை விரிக்கிறார் நியூஸ் டைரக்டர் லூ கிராண்ட். ஆனால், அசோசியேட் புரொடியூசர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்காம். அடேங்கப்பா, எவ்ளோ பெரிய போஸ்ட் என்று மேரியின் முகம் மலர்கிறது. அப்புறம்தான் விழுகிறது இடி. அந்தப் பெரிய போஸ்ட்டுக்குச் சம்பளம், செக்ரட்டரி சம்பளத்தைவிட வாரத்துக்கு 10 டாலர் கம்மி!

1970-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் ஆரம்பித்த 'தி மேரி டைலர் மூர் ஷோ'வின் முதல் எபிசோடில் வருகிற காட்சி இது. மினியாபொலிஸ் நகரத்தில் 'டபிள்யூ.ஜே.எம்.' என்று ஒரு கற்பனை ஸ்டேஷன். அதன் நியூஸ் ரூமில் நடக்கிற கூத்துதான் கதை. 7 சீசன், 168 எபிசோட் ஓடி 1977-ல் முடிந்தது. என் அப்பா, அம்மா பிறக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பித்த சீரியல். ஆனாலும், 'பெரிய பதவி, சின்னச் சம்பளம்' என்கிற அந்த ஒரு ஜோக்கை இன்றைக்கு ஏதாவது ஒரு பத்திரிகை ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். நாலு பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள்.

'இன்ஜினீயரிங் படிக்கிற பையனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்கு?' என்கிறீர்களா? மூணாம் வருஷ லீவில் நான் ஒரு பத்திரிகை ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கேன். வீட்டிலும் சரி, ஹாஸ்டலிலும் சரி, எல்லோரும் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்... "அங்கே போய் என்னதாண்டா பண்றே?" அதற்குப் பதில் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால், நியூஸ் ரூமைப் பற்றி வந்த சீரியல்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

சீரியஸ் சீரியல்கள் இருக்கு. அதில் எல்லோரும் காரிடாரில் வேகமா நடந்துகிட்டே ஜனநாயகத்தைப் பற்றிப் பேசுவாங்க. காமெடி சீரியல்களும் இருக்கு. அதில் டீ ஆறிப்போயிருக்கும், பிரின்ட்டர் மக்கர் பண்ணும், நியூஸ் வாசிக்கிறவர் தன் தலைமுடி கலைஞ்சிருக்கானு கவலைப்படுவார். இந்த ரெண்டு மாச அனுபவத்தில் அடிச்சுச் சொல்றேன்... காமெடிதான் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்குது!

ஆனால், பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. அந்த அறையில் ஆங்க்கர் இருக்கார், எடிட்டர் இருக்கார், ஓனர் வந்து போறார், மேக்கப் போடுகிறவர்கூட இருக்கார். ஒரே ஒரு ஆளைத்தான் காணோம். யாரைப் பற்றின நியூஸோ, அந்த ஆளை!

முதலில் ஆங்க்கரைப் பார்த்துவிடலாம். டபிள்யூ.ஜே.எம்.-மில் நியூஸ் வாசிப்பவர் டெட் பாக்ஸ்டர். வெள்ளை முடி, கம்பீரக் குரல், மண்டைக்குள்ளே வெறும் காத்து. எதிரே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். படிச்சது என்னன்னு தெரியாது. அதை எழுதிக் கொடுப்பவர் முர்ரே. டெட்டை ஊருக்கே தெரியும். முர்ரே தெருவில் போனால் ஒருத்தர் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசி எபிசோடில் ரேட்டிங் சரியில்லை என்று புது மேனேஜர் வந்து எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்புகிறார். யாரை மட்டும் விட்டுவைக்கிறார் தெரியுமா? டெட்டை! ரேட்டிங் விழுந்ததுக்கு யார் காரணமோ, அவரையே!

இந்த ஜோக்குக்கு வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. இங்கிலாந்துக்குப் போனாலும், ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும் இதே ஆள் வேற பேரில் வந்து உட்கார்ந்திருக்கார். திரைக்கு முன்னாடி தெரியிற முகம் ஒண்ணு, திரைக்குப் பின்னாடி வேலை பார்க்கிற கை இன்னொண்ணு. நியூஸ் ரூம் காமெடிக்கு அஸ்திவாரமே இதுதான்.

இந்த சீரியல்களில் சில விஷயங்கள் செம டூப். ஒட்டுமொத்த ஆபீஸுக்கும் ஆறே பேர்தான் இருப்பாங்க. யாரும் டைப் பண்ண மாட்டாங்க. போன் அடிச்சா முதல் மணியிலேயே நியூஸ் கிடைச்சுடும். நான் பார்த்த ஆபீஸில் ஒரு போன் நம்பரைத் தேடுவதற்கே அரை நாள் ஆகும். கிடைச்ச நம்பருக்கு அடிச்சா, 'அவர் வெளியே போயிருக்கார் சார், சாயந்திரம் பண்ணுங்க' என்பாங்க. சாயந்திரம் பண்ணினா, தூங்கிட்டாராம். பக்கம் முடிக்கிற அன்றைக்கு லே-அவுட் அண்ணன் தலையை நீட்டி, 'தம்பி, ஆறு வரி ஓவர். எதை வெட்டட்டும்?' என்பார். நான் உயிரைக் கொடுத்து எழுதின ஆறு வரியா பார்த்துக் கை வைப்பார்!

சில விஷயங்கள் அப்படியே நிஜம். குறிப்பா, சாவு ஜோக்குகள். 1975-ல் வந்த 'சக்கிள்ஸ் பைட்ஸ் தி டஸ்ட்' என்கிற எபிசோட் ரொம்ப ஃபேமஸ். அந்த ஸ்டேஷனில் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் கோமாளி சக்கிள்ஸ். ஓர் ஊர்வலத்தில் வேர்க்கடலை வேஷம் போட்டுக்கிட்டுப் போகும்போது, ஒரு யானை நிஜக் கடலைன்னு நினைச்சு உரிச்சுடுது. ஆள் காலி. நியூஸ் ரூமே வயிற்றைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. மேரிக்கு மட்டும் கோபம். 'ஒரு மனுஷன் செத்திருக்கார், உங்களுக்கு வெட்கமா இல்லையா' என்கிற மாதிரி எல்லோரையும் வறுத்தெடுக்கிறார். அப்புறம் இறுதிச் சடங்கு. எல்லோரும் அமைதியா உட்கார்ந்திருக்க, மேரிக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியலை. 'சிரிங்க, சக்கிள்ஸுக்கு அதுதான் பிடிக்கும்' என்று பாதிரியார் சொன்ன அந்த நிமிஷம் மேரி உடைந்து அழுகிறார்.

என் முதல் வாரத்தில் இப்படி ஒரு நாள் வந்தது. விபத்துச் செய்தி ஒன்றை வைத்து ஒரு சீனியர் ஏதோ கமென்ட் அடிக்க, சுற்றியிருந்தவங்க சிரிச்சாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'என்ன மனுஷங்கடா இவங்க' என்று நினைத்தேன். அடுத்த ஒரு மணி நேரம் அதே ஆள் என்ன பண்ணினார் தெரியுமா? இறந்தவரின் பெயரில் 'ர'வா, 'ற'வா என்பதற்காக மூணு பேருக்கு போன் போட்டார். 'அவங்க வீட்ல இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவெச்சிருப்பாங்கப்பா. பேர் தப்பாயிடக் கூடாது' என்றார். சிரிச்சதும் அவர்தான், போன் போட்டதும் அவர்தான். டி.வி. காமெடிகள் முதல் பாதியைக் காட்டுகிற அளவுக்கு இந்த ரெண்டாவது பாதியைக் காட்டுவதில்லை. என்ன பண்றது, 'ர'வா 'ற'வானு மூணு போன் கால் காட்டினா யார் பார்ப்பாங்க?

அப்படியும் மேரியின் நியூஸ் ரூமில் சில அபூர்வமான நிமிஷங்கள் இருக்கு. முதல் சீசனிலேயே ஓர் எபிசோட். தேர்தல் ராத்திரி. பொறுப்பு மேரியிடம். வெளியே பனிப்புயல் அடிச்சுத் தொடர்பெல்லாம் கட். ஓட்டு எண்ணிக்கை வரவே இல்லை. கேமரா ஓடிக்கிட்டே இருக்கு, சொல்ல ஒண்ணும் இல்லை. 'ஜெயிச்சது யாருன்னு நானே அறிவிச்சுடறேன்' என்று துடிக்கிறார் டெட். மேரி விடுவதாக இல்லை. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது, அவ்வளவுதான். பார்க்க விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால், 'நாங்கதான் ஃபர்ஸ்ட்' என்று சேனல்கள் அடிச்சுக்கிற எந்தத் தேர்தல் ராத்திரிக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1972-ல் இன்னொரு எபிசோட். மேரிக்கு முன்னாடி அதே ஸீட்டில் இருந்த ஆண், மேரியைவிட வாரத்துக்கு 50 டாலர் அதிகம் வாங்கியிருக்கார் என்று தெரியவருகிறது. ஏன் என்று போய்க் கேட்டால், லூ கிராண்ட் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொல்லும் காரணம், அவர் ஆம்பளை! ஊரில் நடக்கிற அநியாயத்தை எல்லாம் தினமும் சொல்லுகிற அறைக்குள்ளேயே ஓர் அநியாயம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கு. சிரிக்கவைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து, 'மர்ஃபி பிரவுன்'. 1988 முதல் 1998 வரை அதே சி.பி.எஸ்.-ஸில் ஓடிய சீரியல். வாஷிங்டனில் 'எஃப்.ஒய்.ஐ.' என்கிற நியூஸ் ஷோவின் ஸ்டார் ரிப்போர்ட்டர் மர்ஃபி. கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொள்கிறாள் அந்தக் கேரக்டர். 1992 மே மாதம், நிஜமான அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் க்வேல் ஒரு மேடையில், 'அப்பாக்களின் முக்கியத்துவத்தையே இந்தக் கேரக்டர் கேலி பண்ணுது' என்று குற்றம்சாட்ட, பற்றிக்கொண்டது. நியூஸ் வாசிக்கிற மாதிரி நடிச்ச கேரக்டரே நியூஸ் ஆகிவிட்டது!

அதற்கு சீரியல் கொடுத்த பதில்தான் சுவாரஸ்யம். சில மாதங்கள் கழித்து வந்த எபிசோடில் மர்ஃபி தன் நியூஸ் ஷோவிலேயே பதில் சொல்கிறாள். சும்மா டயலாக் பேசிவிட்டுப் போகவில்லை. அப்பா மட்டும் இருக்கிற குடும்பம், அம்மா மட்டும் இருக்கிற குடும்பம் என்று பல வகைக் குடும்பங்களை அந்த செட்டுக்குள் வரவழைத்து நிற்கவைக்கிறாள். யாரைப் பற்றி இவ்வளவு நாள் மேடையில் பேசிக்கிட்டிருந்தாங்களோ, அவங்களே வந்து நிற்கிறாங்க. காணாமல்போன அந்த ஆளை ஒரு காமெடி சீரியல் அறைக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்த நாள் அது. (அதே எபிசோடில் க்வேல் வீட்டு வாசலில் ஒரு லாரி உருளைக்கிழங்கைக் கொட்டவும் மறக்கவில்லை. உருளைக்கிழங்குக்கு ஆங்கில ஸ்பெல்லிங் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர் ஆச்சே!)

கடல் தாண்டினால் இங்கிலாந்து. 1990 முதல் 1998 வரை சேனல் 4-ல் வந்த 'டிராப் தி டெட் டாங்கி'. 'அந்தச் செத்த கழுதை நியூஸைத் தூக்கிடு' என்கிற மாதிரியான தலைப்பு. ஆண்டி ஹாமில்டன், கை ஜென்கின் என்று ரெண்டு பேர் எழுதியது. பெரும்பாலும் ஒளிபரப்புக்கு முந்தின நாள்தான் ஷூட்டிங். அதனால், அந்த வாரத்து நிஜ அரசியல் ஜோக்குகள் சுடச்சுட உள்ளே வந்துவிடும். 'குளோப்லிங்க் நியூஸ்' என்கிற கம்பெனியை ஒரு பணக்காரர் வாங்கிவிட, அதற்குப் பிறகு நியூஸ் எப்படிச் சரக்கு ஆகுது என்பதுதான் கதை.

அதில் டேமியன் என்று ஒரு ரிப்போர்ட்டர். வெள்ளமோ, பூகம்பமோ, போரோ... எங்கே போனாலும் பையில் ஒரு டெடி பியர் பொம்மை எடுத்துக்கிட்டுத்தான் போவான். இடிபாடுகளுக்கு நடுவே பொம்மையை வைத்து கேமராவில் காட்டினால், பார்க்கிறவங்களுக்குத் தானாகக் கண்ணீர் வரும் இல்லையா? முதல் தடவை பார்த்தப்போ ஹாஸ்டல் ரூமே அதிர்கிற மாதிரி சிரிச்சேன். ரெண்டாவது தடவைதான் தோணுச்சு... அந்த இடிபாட்டில் நிஜமாவே ஒரு குழந்தை இருந்திருக்கும். அதுக்கும் ஒரு பொம்மை இருந்திருக்கும். அது எங்கே?

இந்த சீரியலுக்கு முதலில் யோசித்த தலைப்பு என்ன தெரியுமா? 'செத்த பெல்ஜியம்காரங்க கணக்கில் வர மாட்டாங்க' என்று அர்த்தம் வருகிற ஓர் ஆங்கிலத் தலைப்பு. நம்ம ஊர் ஆள் செத்தா நியூஸ், பக்கத்து ஊர் ஆள் செத்தா நம்பர். எழுதினவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு!

ஆஸ்திரேலியாவில் 1994 முதல் 1997 வரை ஏ.பி.சி. சேனலில் வந்த 'ஃப்ரன்ட்லைன்' இன்னும் ஒரு படி மேலே. ராப் ஸிட்ச், மைக் மூர் என்கிற ஆங்க்கராக வருவார். தான் ரொம்ப நேர்மையான ஜர்னலிஸ்ட் என்று மைக் மனசார நம்புகிறார். மனசாட்சி உறுத்தினால் நேராக எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசரிடம் போய்ச் சண்டை போடுவார். அவர் ரெண்டு நிமிஷம் தட்டிக்கொடுத்துப் பேசுவார். வெளியே வரும்போது மைக்கின் உறுத்தல் போயே போச்சு! 'மக்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு' என்கிற மாதிரி ஏதாவது ஒரு பெரிய வார்த்தையை வைத்து அழகாக மூடிவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் பிளஸ் டூ மாதிரியான பரீட்சைக்கு இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். காமெடி சீரியல் பார்த்துப் பரீட்சை எழுதின புண்ணியவான்கள்!

இதை எல்லாம் வெறும் ஜோக்காப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். போன வருஷம் எங்க ஹாஸ்டலில் நடந்த ஒரு விஷயம் என்னை விட மாட்டேங்குது.

மெஸ் சாப்பாட்டில் புழு. ஒரு தடவை இல்லை, ஒரே மாசத்தில் நாலு தடவை. எழுதிக் கொடுத்தோம், நடக்கலை. ஒரு நாள் ராத்திரி எல்லோரும் பேசி முடிவெடுத்தோம். கோஷம் கூடாது, கல் கூடாது. காலி தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெஸ் வாசலில் சும்மா உட்காரணும். காலையில் இருநூறு பேர் உட்கார்ந்தோம். ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிதான் எங்களுக்கே பயமா இருந்தது. அவ்வளவு அழகா இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு சேனல் வேன் வந்தது. கேமராமேன் நல்ல மனுஷன்தான். 'சாப்பாடு சரியில்லைன்னா கேட்கத்தானே செய்வீங்க' என்று எங்க பக்கம்தான் பேசினார். கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தம்பி, சும்மா உட்கார்ந்திருந்தா விஷுவலே இல்லப்பா. தட்டைத் தூக்கிக் காட்டுங்க. ஏதாவது கோஷம் போடுங்க."

முதல் வரிசையில் இருந்தவன் என் ரூம்மேட். அவனும் இன்னும் பத்துப் பேரும் எழுந்தாங்க. தட்டைத் தூக்கினாங்க, கத்தினாங்க. "லைட் சரியா விழலை. இன்னொரு தடவை கத்துங்க தம்பி!" இன்னொரு தடவை கத்தினாங்க. வேன் கிளம்பிடுச்சு. அன்றைக்கே அவருக்கு இன்னும் மூணு இடம் போக வேண்டியிருந்ததாம்.

சாயந்திரம் நியூஸில் இருபது செகண்ட் வந்தோம். புழு வரலை. நாலு தடவை எழுதிக் கொடுத்தது வரலை. இருநூறு பேர் மூணு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தது வரலை. வாயை அகலத் திறந்து, தட்டை ஆட்டிக்கொண்டு என் ரூம்மேட் வந்தான். 'மாணவர்கள் ஆவேசம்' என்று கீழே ஓடியது.

மறுநாள் ஆபீஸ் ரூமில் இருந்து ஒரு லிஸ்ட் வந்தது. இருநூறு பேர் இல்லை. டி.வி.யில் முகம் தெரிந்த பதினொரு பேர் மட்டும். 'பேரன்ட்ஸோட வந்து விளக்கம் கொடு.' அவன் அப்பா தேனிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறவர். கடையைப் பூட்டிவிட்டு, ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் நின்றார். மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா அப்படிக் கத்தினே?" அவனால் பதில் சொல்ல முடியவில்லை. என்ன சொல்லுவான்? 'கேமராமேன் கேட்டார்ப்பா'னா?

ஒரு வாரம் சாப்பாடு நல்லா இருந்தது. அப்புறம் பழையபடி. என் ரூம்மேட் இப்ப அதை ஜோக்காகத்தான் சொல்றான். "நான் ஹீரோவா நடிச்ச ஒரே படம்டா. அதுலேயும் டப்பிங்!"

டேமியனின் டெடி பியரைப் பார்த்து ஏன் ரெண்டாவது தடவை என்னால் சிரிக்க முடியலைனு இப்பப் புரியுதா? பொம்மையின் பக்கத்திலிருந்து அந்தக் கதையைப் பார்த்துட்டேன். அவ்வளவுதான்.

டி.வி. காமெடி காட்டத் தவறுவது இந்த மறுநாளைத்தான். எபிசோட் நியூஸோடு முடிந்துவிடும். டைட்டில் ஓடும். வராந்தாவில் நிற்கிற அப்பாவை யாரும் காட்ட மாட்டாங்க. 2010-ல் வந்த 'பீப்லி லைவ்' இந்திப் படம் ஞாபகம் வருது. அது சீரியல் இல்லை, சினிமாதான். ஆனால், டி.வி. ஜர்னலிஸ்ட்டாக வேலை பார்த்த அனுஷா ரிஸ்வி எடுத்த படம். கடன்பட்ட விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொள்ளப்போகிறார் என்று தெரிந்ததும் அவர் வீட்டு வாசலில் கேமராக்கள் திருவிழா மாதிரி குவியும். அந்த மனுஷன் கொல்லைக்குப் போனால்கூட நியூஸ். சிரிப்பு தாங்காது. ஆனால், அந்தப் படம் சேனல் வேன்கள் கிளம்பின பிறகும் முடியாது. எல்லோரும் போன பிறகு, ஒரு நகரத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்தில், மண் படிந்த முகத்தோடு அந்த ஆளைக் காட்டிவிட்டுத்தான் முடியும். மறுநாளைக் காட்டின காமெடி அது!

லேட்டஸ்ட்டாக ஒண்ணு சொல்லணும்னா, 2025 செப்டம்பரில் வந்த 'தி பேப்பர்'. 'தி ஆபீஸ்' சீரியலை எடுத்த அதே கற்பனை டாக்குமென்டரி டீம், இந்தத் தடவை ஒஹையோவில் டொலீடோ என்கிற ஊரின் பழைய பத்திரிகை ஆபீஸுக்குப் போகிறது. பத்திரிகை பேர் 'டொலீடோ ட்ரூத் டெல்லர்'. ஓனர் கம்பெனி டாய்லெட் பேப்பரும் விற்கிறது; நியூஸ் பேப்பரும் விற்கிறது. எதுக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொல்லணுமா? புதுசா வரும் எடிட்டரிடம் போதுமான ரிப்போர்ட்டர்களே இல்லை. அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவங்க, டாய்லெட் பேப்பர் பிரிவில் இருக்கிறவங்க எல்லாம் வாலன்டியரா வந்து ரிப்போர்ட்டர் ஆகுறாங்க. கேள்வி கேட்கத் தெரியாது, குறிப்பெடுக்கத் தெரியாது. அதுதான் காமெடி.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? மேரி காலத்தில் ஜோக், கூட்டமான அறைக்குள் இருக்கிற முட்டாள் ஆங்க்கர். டேமியன் காலத்தில் ஜோக், காசு பார்க்கிற ஓனர். இப்போ ஜோக்கே காலி அறைதான். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு 3,000-க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டோ, வேறொன்றோடு கரைந்தோ போயிருக்கு. அதனால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து முழுசாச் சிரிக்க முடியலை. 'ர'வா, 'ற'வானு மூணு பேருக்கு போன் போட, ஒரு நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாத்தானே முடியும்?

நான் பயிற்சிக்குப் போகிற ஆபீஸில் ஒரு வழக்கம் இருக்கு. தன் கஷ்டத்தை யார் சொன்னாலும், பக்கம் முடிக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் போட்டு, அவங்க சம்பந்தப்பட்ட வரிகளை அப்படியே படிச்சுக் காட்டணும். 'இது சீனியர் சொன்ன ரூல் தம்பி, நோ எக்ஸெப்ஷன்' என்று முதல் நாளே சொல்லிட்டாங்க.

போன மாசம், ஸ்காலர்ஷிப் பணம் லேட்டாக வருவதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். ஒரு தங்கச்சி ரொம்ப வெளிப்படையாப் பேசியிருந்தா. ஃபீஸ் கட்டுறதுக்காக அவங்க அப்பா யார்கிட்ட, என்ன வட்டிக்குக் கடன் வாங்கினார், வட்டி கட்டலைன்னு வீட்டு வாசலில் வந்து என்ன பேசினாங்க... எல்லாம். அந்த நாலு வரிதான் கட்டுரையின் உயிர். படிச்ச எல்லோரும் அங்கேதான் நின்னாங்க.

போன் போட்டுப் படிச்சுக் காட்டினேன். அந்தப் பக்கம் அமைதி. அப்புறம் மெதுவா, "அண்ணா, நான் பேர் போட்டுக்கலாம்னு சொன்னேன்ல, அது ஓகே. ஆனா, அப்பா மேட்டர் மட்டும் வேணாம்ணா. எங்க தெருவுல எல்லாரும் படிப்பாங்க. அப்பா வெளியே போகவே சங்கடப்படுவாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு சீனியரிடம் போய் நின்றேன். "சார், அதான் சார் ஸ்ட்ராங்கான இடம். அதை எடுத்துட்டா கட்டுரையே சப்பையாயிடும்." அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. புரூஃப் தாளை இழுத்து, அந்த நாலு வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "அவ அப்பா நாளைக்கும் அந்தத் தெருவுலதான் நடக்கணும்" என்றார். அடுத்த பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மொத்தம் பதினொரு நிமிஷ போன் கால். யாரும் ஓடவில்லை, யாரும் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசவில்லை, காமெடியாகவும் ஒண்ணும் நடக்கவில்லை. கேமரா வைத்திருந்தால் கேமராமேன் தூங்கியிருப்பார். என் ரூம்மேட்டுக்கு அன்றைக்கு அந்த வேனில் இருந்து இப்படி ஒரு போன் கால் வந்திருந்தால் அவன் அப்பா கடையைப் பூட்டியிருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

ஆக, "அங்கே போய் என்னதாண்டா பண்றே?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இப்போ என்னிடம் ஒரு பதில் இருக்கு. போன் பண்றேன். எழுதினதைப் படிச்சுக் காட்டறேன். 'இதைப் போடலாமா?' என்று கேட்கறேன். வேண்டாம்னா, வயிறு எரிஞ்சாலும் எடுத்துடறேன். ஐம்பது வருஷ நியூஸ் ரூம் காமெடியில் இந்த சீனை நான் இன்னும் பார்க்கலை. யாராவது எடுத்தா, ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் முழிச்சிருந்து பார்ப்பேன்.

அன்றைக்கு லே-அவுட் அண்ணன் வழக்கம்போல் தலையை நீட்டினார். இந்தத் தடவை புது மாதிரி புகார். "தம்பி, நாலு வரி கம்மியாகுது. காலி இடத்துல என்ன போடறது?"

"ஒண்ணும் வேணாம்ணே. இருக்கிற படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க!"